கட்டுப்படுத்தியும் காட்சியும்: இணையச் செயலிச் சட்டகங்களில் வழிமுறைப் பகிர்வு பற்றிய ஒரு நோக்கு

1

இணையச் செயலிகளை ஆக்கும் பணியில் ஈடுபட்டிருப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. கட்டுப்படுத்தியில் எழுதப்பட்ட ஒரு வழிமுறையைக் காட்சியிலும் பயன்படுத்துவது எவ்வாறு என்பதே அது. விடை மிகச் சுருக்கமானது. ரூபி ஒன் ரெயில்ஸ் என்னும் சட்டகத்தில் அதனை ஒரே வரியிற் செய்து முடிக்கலாம். விடை இத்துணை எளிதாயிருப்பதனாலேயே வினாவின் உட்பொருள் போதிய கவனத்தைப் பெறாது போய்விடுகின்றது. கட்டுப்படுத்தியையும் காட்சியையும் இரண்டாகப் பிரித்துவைத்தமைக்குக் காரணம் யாது? பிரித்தவற்றிடையே மீண்டும் ஒரு வழியைத் திறக்கவேண்டிய தேவை எவ்வாறு எழுகின்றது? அவ்வழியால் எதனைச் செல்லவிடலாம், எதனைத் தடுக்கவேண்டும்? இவ்வினாக்களை வரலாற்றடிப்படையில் நோக்கிச் சில அளவுகோல்களை வகுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினித்துறை சாராத வாசகரையும் கருத்திற்கொண்டு, எடுத்துக்காட்டு ஒன்றுடன் தொடங்குவோம். ஓர் ஆய்விதழுக்கென அமைந்த இணையத்தளத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆசிரியர்கள் தமது கட்டுரைகளை அதில் ஏற்றுகின்றனர். மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படும்வரை கட்டுரையை எழுதியவர் அதனைத் திருத்தலாம்; அனுப்பப்பட்ட பின்னர் இதழாசிரியர் மாத்திரமே திருத்தலாம். இத்தளத்தில் கட்டுரை என்றால் என்ன, அது எந்நிலைகளைக் கடந்து செல்கின்றது என்பனவற்றை அறிந்துவைத்திருக்கும் பகுதி மாதிரி எனப்படும். உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை ஏற்று, அதற்குரியதைச் செய்விக்கும் பகுதி கட்டுப்படுத்தி எனப்படும். வாசகர் திரையிற் காணும் பக்கத்தை உருவாக்கும் வார்ப்புரு காட்சி எனப்படும். இம்மூன்றையும் ஒழுங்குபடுத்தி, அவற்றுக்குப் பொதுவான வேலைகளை முன்கூட்டியே செய்துவைத்திருக்கும் அமைப்பே சட்டகமாகும்.

கட்டுரைப் பக்கத்தில் 'திருத்துக' என்னும் இணைப்பு ஒன்று காட்டப்படவேண்டும். ஆயின் அது எல்லோருக்கும் காட்டப்படலாகாது. இப்பக்கத்தைப் பார்ப்பவர் யார், அவர் இதனைத் திருத்தலாமா என்பவற்றை வார்ப்புரு அறியவேண்டியுள்ளது. அவ்வறிவோ கட்டுப்படுத்தியிடம் உள்ளது. எமது வினா இவ்விடத்திலேயே பிறக்கின்றது.

2

மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்ற முப்பிரிவு இணையத்திற்கு முற்பட்டது. நோர்வே நாட்டவரான ட்றிக்வே ரீன்ஸ்கௌ 1978-79 காலப்பகுதியில் கலிபோர்ணியாவிலுள்ள ஸெரொக்ஸ் பாலோ ஆல்ரோ ஆய்வு நிலையத்திற் பணியாற்றியபோது இதனை முன்வைத்தார். 1979 மே மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில் நான்கு கூறுகள் இருந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் எழுதிய குறிப்பில் அவை மூன்றாக வடிவம்பெற்றன. பயனரின் மனத்தில் உள்ள உலகத்திற்கும் கணினிக்குள் உள்ள தரவுகளுக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதே அவரது நோக்கமாயிருந்தது. ஸ்மோல்ரோக் என்னும் நிரலாக்கச் சூழலிலே இவ்வமைப்பு முதலில் நடைமுறைக்கு வந்தது.

அம்மூலவடிவத்தில் இரண்டு அம்சங்கள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, காட்சி தனக்கு வேண்டிய தகவல்களை மாதிரியிடம் வினவியே பெற்றது. இரண்டாவது, சுட்டியின் அசைவு, விசையழுத்தம் முதலிய பயனர் உள்ளீடுகளைப் பற்றிக் காட்சி எதனையும் அறிந்திருத்தல் கூடாதெனக் கருதப்பட்டது. அவை கட்டுப்படுத்தியின் பொறுப்புகள். ஒரு கணினியின் முன் ஒருவர் அமர்ந்திருக்கும் சூழலில் இப்பிரிவினை போதுமானதாயிருந்தது. 'பார்ப்பவர் யார்' என்னும் வினா அங்கு எழவில்லை. திரைக்கு முன்னால் இருப்பவர் ஒருவரே.

இணையம் இந்நிலைமையை மாற்றியது. இணையத்தின் தொடர்பாடல் நெறிமுறை ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்ததொன்றாகவே நோக்குகின்றது. முன்னர் வந்தவரே மீண்டும் வருகின்றார் என்பதை அது தானாக நினைவிற் கொள்வதில்லை. 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருலி வகுத்த குக்கி என்னும் உத்தி இக்குறையை நிரப்பியது. சேவையகம் உலாவியிடம் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்துவைக்கின்றது. உலாவி அடுத்தடுத்த வேண்டுகோள்களுடன் அக்குறிப்பைத் திருப்பி அனுப்புகின்றது. அதனை வாசித்து, 'இவர் இன்னார்' எனத் துணிவது வேண்டுகோளை முதலில் ஏற்கும் கட்டுப்படுத்தியின் கடமையாயிற்று.

இதன் விளைவு கவனத்திற்குரியது. பயனரின் அடையாளம், அவர் தெரிந்தெடுத்த மொழி, அவர் வந்துசேர்ந்த முகவரி ஆகியன மாதிரியில் உறைவனவல்ல. அவை வேண்டுகோளுடன் வந்து வேண்டுகோளுடன் மறைவன. ஆயினும் பக்கத்தை உருவாக்க அவை இன்றியமையாதன. ஆகவே மாதிரியை வினவிய காட்சி, இப்போது கட்டுப்படுத்தியையும் வினவவேண்டியதாயிற்று. எமது ஆய்வுக்குரிய பகிர்வுத் தேவை நிரலாளரின் சோம்பலால் விளைந்ததன்று. ஒரு சூழலுக்கென வகுக்கப்பட்ட பிரிவினை வேறொரு சூழலுக்குப் பெயர்க்கப்பட்டபோது எழுந்த உண்மையான இடைவெளியின் விளைவே அது.

3

இவ்விடைவெளியை ரெயில்ஸ் எவ்வாறு நிரப்புகின்றது என்பதை இனி நோக்குவோம். யுகிஹிரோ மற்சுமோட்டோ 1995 இல் வெளியிட்ட ரூபி மொழியில் அமைந்த இச்சட்டகத்தை, டேவிட் ஹைனமெயர் ஹான்சன் தாம் ஆக்கிய பேஸ்காம்ப் என்னும் செயலியிலிருந்து பிரித்தெடுத்து 2004 இல் வெளியிட்டார். அதன் முதலாம் பதிப்பு 2005 டிசெம்பரில் வந்தது.

ரெயில்ஸில் கட்டுப்படுத்தியும் காட்சியும் வெவ்வேறு பொருள்களாகும். ஒன்றின் வழிமுறைகள் மற்றதற்குத் தாமாகக் கிட்டுவதில்லை. அவற்றிடையே இயல்பாக அமைந்த பாலம் ஒன்றுண்டு. கட்டுப்படுத்தி தனக்குள் வைத்திருக்கும் மாறிகளைச் சட்டகம் பக்கம் உருவாகும் வேளையில் காட்சிக்குப் பிரதிசெய்து கொடுக்கின்றது. கட்டுரையைத் தேடி ஒரு மாறியில் வைத்தால் வார்ப்புரு அதனை எடுத்துக்கொள்ளும். இது பெறுமானங்களைக் கொடுக்கும் வழி; வினவும் ஆற்றலைக் கொடுக்கும் வழியன்று.

வினவும் ஆற்றலைக் கொடுப்பது 'ஹெல்பர்_மெதட்' என்னும் கட்டளையாகும். கட்டுப்படுத்தியின் வகுப்பில் இக்கட்டளையையும் அதனையடுத்து வழிமுறையின் பெயரையும் எழுதினால் போதும். வழக்கத்தில் 'கரன்ட்_யூசர்' எனப் பெயரிடப்படுவதும், அமர்விலுள்ள எண்ணைக் கொண்டு தற்போதைய பயனரைத் தேடித்தருவதுமான வழிமுறையே இவ்வாறு மிகப் பரவலாகப் பகிரப்படுவது. இதில் வழிமுறை காட்சிக்கு இடம்பெயர்வதோ பிரதிசெய்யப்படுவதோ இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. காட்சியில் அதே பெயருடைய ஒரு சிறு வழிமுறையைச் சட்டகம் உருவாக்குகின்றது. அழைக்கப்படும்போது அது தன்னை உருவாக்கிய கட்டுப்படுத்தியிடம் அழைப்பைக் கையளித்து, விடையைப் பெற்றுத் திருப்புகின்றது. அது ஒரு தூதுவனே.

இவ்வமைப்பிலிருந்து மூன்று நடைமுறை விளைவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மூல வழிமுறையைத் தனிப்பட்டதென அறிவித்து மறைத்துவைக்கலாம்; தூதுவன் அத்தடையைக் கடந்து அழைக்கும் வகையிலேயே எழுதப்பட்டுள்ளான். அவ்வாறு மறைத்துவைப்பது நன்று. கட்டுப்படுத்தியில் வெளிப்படையாக உள்ள வழிமுறை ஒவ்வொன்றும், அதற்கொரு முகவரி வகுக்கப்படுமாயின், வெளியிலிருந்து நேரடியாக அழைக்கக்கூடிய செயலாக மாறிவிடும். இரண்டாவதாக, கட்டளை எழுதப்பட்ட வகுப்பின் காட்சிகளுக்கும் அதன் வழித்தோன்றல்களின் காட்சிகளுக்குமே இவ்வழிமுறை கிட்டும். எல்லாக் கட்டுப்படுத்திகளுக்கும் தாயான வகுப்பில் எழுதினால் எங்கும் பரவும். ஒரு கிளையில் எழுதினால் அக்கிளையுடன் நிற்கும். மூன்றாவதாக, வார்ப்புரு கேட்டாலன்றித் தேடல் நிகழாது. மாறியில் முன்கூட்டியே நிரப்பிவைக்கும் முறையில், தேவையோ இல்லையோ, தேடல் நடந்தேயாகும்.

ஒரே பக்கத்தில் இவ்வழிமுறை பலதடவை அழைக்கப்படுமாதலால், முதல் விடையை நினைவில் வைத்து மீண்டும் தரும் வகையில் அதனை எழுதுவது மரபு. இம்மரபிற் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மாறி வெறுமையாயின் மட்டும் தேடுக என எழுதப்படும் சுருக்க வடிவம், பயனர் எவரும் இல்லை என்ற விடையை நினைவில் வைப்பதில்லை. 'இல்லை' என்பதும் வெறுமையாகவே கொள்ளப்படுவதனால், ஒவ்வோர் அழைப்பிலும் தேடல் மீண்டும் நிகழும்.

ஏனைய சட்டகங்களும் இதே இடைவெளியை வேறு வேறு வகையில் எதிர்கொண்டுள்ளன. 2005 இல் வெளிவந்த ஜங்கோவில், வேண்டுகோளைப் பெற்றுப் பெறுமானங்களின் தொகுதியொன்றைத் திருப்பும் செயற்கூறுகள் எல்லா வார்ப்புருக்களுக்கும் பொதுத் தகவல்களை வழங்குகின்றன. லாராவெல் சட்டகத்தில் குறித்த காட்சி உருவாகும் வேளையில் அதற்குரிய தரவுகளை இணைக்கும் தனிவகுப்புகளை அமைக்கலாம். ஜங்கோவின் வார்ப்புரு மொழியில், வழிமுறையொன்றை அழைக்கையில் அதற்கு உள்ளீடு கொடுத்தல் இயலாது. 'இவர் யார்' என வார்ப்புரு கேட்கலாம். 'இக்கட்டுரையை இவர் திருத்தலாமா' எனக் கேட்பதற்குத் தனிக்குறிச்சொல்லொன்றை ஆக்கிக்கொள்ளவேண்டும். வார்ப்புருவின் பேச்சுரிமையைக் குறுக்குவதன் மூலம் பிரிவினையைக் காக்க முனையும் போக்கு இதிற் புலப்படுகின்றது. ரெயில்ஸ் அத்தகைய வேலியை இடுவதில்லை; எல்லையைக் காக்கும் பொறுப்பை நிரலாளரின் விவேகத்திற்கே விட்டுவிடுகின்றது. ஆகவே அவ்விவேகத்திற்கு அடிப்படையாக அமையவேண்டியது எது என்பதே அடுத்த வினாவாகின்றது.

4

பகிர்வின் நியாயம் யாதெனில், தீர்மானம் ஓரிடத்தில் இருத்தலாகும். எமது எடுத்துக்காட்டுக்கு மீள்வோம். கட்டுரையைத் திருத்தும் உரிமைபற்றிய விதி இரண்டு சந்தர்ப்பங்களில் தேவைப்படுகின்றது. 'திருத்துக' என்னும் இணைப்பைக் காட்டுவதா என்று துணியும்போது ஒருமுறை. திருத்திய வடிவம் சேவையகத்தை வந்தடையும்போது அதனை ஏற்பதா என்று துணியும்போது மறுமுறை. முதலாவதை வார்ப்புருவிலும் இரண்டாவதைக் கட்டுப்படுத்தியிலும் தனித்தனியே எழுதிவைத்தால், தொடக்கத்தில் இரண்டும் ஒத்திருக்கும். பின்னர் இதழின் நடைமுறை மாறும். மதிப்பீட்டாளர் திருப்பியனுப்பிய கட்டுரையை ஆசிரியர் மீண்டும் திருத்தலாம் என விதி விரிவுபெறும். ஓரிடம் திருத்தப்படும்; மற்றையது மறக்கப்படும். அப்போது இணைப்பு காட்டப்படும், ஆனால் திருத்தம் ஏற்கப்படாது. அல்லது இணைப்பு மறைக்கப்படும், ஆனால் கதவு திறந்தே கிடக்கும்.

முதல்வகைப் பிழையைப் பயனர் உடனே முறையிடுவார். இரண்டாம்வகைப் பிழையை எவரும் முறையிடார். அதனைக் கண்டுபிடிப்பவர் அதனைப் பயன்படுத்திக்கொள்பவராகவே இருத்தல் கூடும். ஆகவே இரு சந்தர்ப்பங்களும் ஒரே வழிமுறையை வினவுமாறு அமைப்பது வெறும் எழுத்துச் சிக்கனமன்று. பிழையின் பிறப்பிடத்தையே அடைக்கும் ஏற்பாடாகும்.

5

ஆயினும் இந்நியாயத்தினின்றே ஒரு மயக்கமும் தோன்றுகின்றது. உரிமைபற்றிய வினாவைக் காட்சியிற் கேட்கமுடிந்ததும், காட்சியிற் கேட்டதே போதுமென்ற எண்ணம் தலைதூக்குகின்றது. இணைப்பு தெரியாதவர் அச்செயலைச் செய்யார் என்பது அவ்வெண்ணத்தின் எடுகோள். இணையத்தின் இயல்பு இதற்கு முற்றிலும் மாறானது. பக்கம் என்பது சேவையகம் அனுப்பிய கடிதம். அது பெறுநரின் கைக்குச் சென்றபின் அவர் அதில் எதனையும் மாற்றலாம், அதற்குச் சம்பந்தமில்லாத விடையையும் அனுப்பலாம்.

2012 மார்ச் மாதத்தில் கிற்ஹப் தளத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அத்தளமும் ரெயில்ஸ் கொண்டு ஆக்கப்பட்டதே. பயனர்கள் தமது பொதுச் சாவியைப் பதிவுசெய்யும் படிவத்துடன், சாவிக்குரியவர் யார் எனக் காட்டும் எண்ணையும் ஒருவர் சேர்த்து அனுப்பினார். வந்த புலங்கள் யாவற்றையும் மாதிரி அப்படியே ஏற்றுக்கொண்டது. ரெயில்ஸ் திட்டத்திற் பங்கேற்கும் உறுப்பினர் ஒருவரின் கணக்குடன் சாவி இணைந்தது; ரெயில்ஸின் சொந்த நிரற் களஞ்சியத்திலேயே மாற்றம் செய்ய அவருக்கு இயலுமாயிற்று. குறைபாட்டின் பாரதூரத்தை எடுத்துக்காட்டுவதே அவரது நோக்கமாயிருந்தது. படிவத்தில் ஒரு புலம் இல்லாமை, அப்புலம் வாராது என்பதற்கு உத்தரவாதமாகாது என்பதை அந்நிகழ்வு ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. 2013 இல் வெளிவந்த ரெயில்ஸின் நான்காம் பதிப்பில், எப்புலங்களை ஏற்பது என்பதைக் கட்டுப்படுத்தி வெளிப்படையாகக் கூறவேண்டுமென்ற ஏற்பாடு இயல்பானதாக்கப்பட்டது. காவற் பொறுப்பு வேண்டுகோள் நுழையும் வாயிலுக்கே கொண்டுவரப்பட்டது.

இணையப் பாதுகாப்புக் குறைபாடுகளைத் தரப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில், அணுக்க உரிமைக் கட்டுப்பாட்டின் சிதைவு 2017 இல் ஐந்தாமிடத்தில் இருந்து 2021 இல் முதலாமிடத்திற்கு உயர்ந்தது. இதனை நோக்குமிடத்து, நாம் பேசுவது வழக்கொழிந்த ஒரு பிழையைப் பற்றியன்று என்பது தெளிவாகும். காட்சியில் மறைத்தல் பயனருக்குச் செய்யும் மரியாதை; அவரால் இயலாததை அவர்முன் நீட்டாதிருத்தல். கட்டுப்படுத்தியில் மறுத்தலே காவல். ஒரே வழிமுறையை இரண்டும் வினவலாம். ஒன்று மற்றதற்குப் பதிலியாகாது.

6

பகிர்வின் இரண்டாவது இடர் இதனினும் நுண்ணியது. மாறிகள் மூலம் தகவலைப் பெறும் வார்ப்புரு எதனைச் சார்ந்துள்ளது என்பதை ஓரளவு கண்டறியலாம். தூதுவனை அழைக்கும் வார்ப்புருவோ, அழைப்பின் ஊடாக முழு வேண்டுகோளையும் சார்ந்துவிடுகின்றது. அச்சார்பு பக்கத்தின் மேற்பரப்பிற் புலப்படுவதில்லை.

பக்கத்தின் ஒரு பகுதியை ஒருமுறை உருவாக்கிச் சேமித்துவைத்து, அடுத்து வருவோர்க்கு அதனையே வழங்குவது வேகத்தைக் கருதிய வழக்கமான உத்தியாகும். சேமிப்பின் அடையாளமாகக் கட்டுரையின் எண்ணும் அது கடைசியாக மாறிய நேரமும் கொள்ளப்படும். அப்பகுதிக்குள் 'திருத்துக' என்னும் இணைப்பு, தற்போதைய பயனரை வினவிக் காட்டப்படுகின்றது எனக் கொள்வோம். முதலில் வந்தவர் இதழாசிரியராயின், அவருக்கென உருவான பகுதி சேமிக்கப்பட்டு, பின்வரும் வாசகர் அனைவருக்கும் காட்டப்படும். இணைப்பாயின் இடர் சிறிது. கதவிற் காவல் இருப்பின் தீங்கில்லை. தனிப்பட்ட தகவலாயின் அதனைக் காக்க வேறு கதவு இல்லை. காட்டப்பட்டதே இழப்பாகும்.

ஒருவருக்கென உருவான பக்கம் இன்னொருவருக்குச் செல்வதன் விளைவு எத்தகையது என்பதை 2015 டிசெம்பர் 25 ஆந் திகதி ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தில் உலகு கண்டது. சேவையகங்களுக்கு முன்னாலிருந்த சேமிப்பு அடுக்கின் தவறான ஒழுங்கமைப்பினால், சிலருக்குரிய பக்கங்கள் பிறருக்கு வழங்கப்பட்டன. ஏறத்தாழ 34,000 பயனர்கள் இதனாற் பாதிக்கப்பட்டிருக்கலாமென நிறுவனம் அறிவித்தது. அங்கு தவறு நிகழ்ந்த அடுக்கு வேறு. வார்ப்புருவுடன் அதற்குத் தொடர்பில்லை. எனினும் தருக்கம் ஒன்றே. விடை எவரைச் சார்ந்தது என்பதைச் சேமிப்பவர் அறியாதிருந்தார்.

இம்மறைந்த சார்பு வேறு இடங்களிலும் வெளிப்படுகின்றது. மின்னஞ்சலுக்கான வார்ப்புருவைக் கட்டுப்படுத்தி உருவாக்குவதில்லை. ஆகவே அங்கு தூதுவன் இல்லை, அழைப்பு பிழையில் முடியும். அவ்வாறே 2020 டிசெம்பரில் அறிமுகமான ஹொட்வயர் முறையில், கட்டுரை மாறியவுடன் பக்கத்தின் ஒரு துண்டைச் சேவையகமே உருவாக்கி, அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அனைவருக்கும் ஒருசேர அனுப்பலாம். அத்துண்டு எவருடைய வேண்டுகோளுக்கும் விடையன்று. 'தற்போதைய பயனர்' என்னும் சொற்றொடருக்கு அங்கு பொருளேயில்லை. இத்தகைய பிழைகளை எதிர்கொள்வோர் இவற்றைச் சட்டகத்தின் குறையெனக் கருதுவதுண்டு. உண்மையில் அவை எமக்கு உணர்த்துவது வேறு: தற்போதைய பயனர் என்பது கட்டுரையைப் பற்றிய உண்மையன்று, ஒரு வேண்டுகோளைப் பற்றிய உண்மை. வேண்டுகோள் இல்லாதவிடத்து அது இல்லை.

7

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம்.

வேண்டுகோளைப் பற்றிய வினாக்கள், அதாவது கேட்பவர் யார், எம்மொழியிற் கேட்கின்றார், புகுபதிகை செய்துள்ளாரா என்பன, கட்டுப்படுத்திக்குரியவை. 'ஹெல்பர்_மெதட்' மூலம் பகிர்வதற்கு உகந்தவை இவையே. பொருளைப் பற்றிய விதிகள் மாதிரிக்குரியவை. கட்டுரையை இன்னார் திருத்தலாமா என்னும் விதி கட்டுரையின் நிலையையும் உரிமையையும் சார்ந்தது. அது பயனரை உள்ளீடாகப் பெறும் வழிமுறையாக மாதிரியிலோ, அதற்கென அமைந்த தனிவகுப்பிலோ இருத்தல் வேண்டும். கட்டுப்படுத்தி பகிரும் வழிமுறை, தற்போதைய பயனரை அவ்விதியிடம் கொண்டுசேர்க்கும் ஒருவரியாக அமைந்தாற் போதும். தோற்றத்தைப் பற்றியவை, அதாவது திகதியை எழுதும் விதம், நீண்ட தலைப்பைச் சுருக்கும் விதம் முதலியன, கட்டுப்படுத்திக்கு உரியனவேயல்ல. அவற்றுக்கெனக் காட்சியின் பக்கத்தில் தனிக்கோப்புகள் உள்ளன. கட்டுப்படுத்திக்கு எப்போதாவது அவை தேவைப்படின், எதிர்த்திசையில் அவற்றை அழைக்கும் வசதி 2016 இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் உண்டு.

பகிரப்படுவது வினாவாக இருத்தல் வேண்டும் என்பது இவை யாவற்றுக்கும் பொதுவான விதி. தரவை மாற்றும் வழிமுறையும் பயனரை வேறு பக்கத்திற்குத் திருப்பியனுப்பும் வழிமுறையும் பெயரளவிற் கட்டுப்படுத்தியில் உள்ளன என்பதற்காகக் காட்சிக்குத் திறந்துவிடப்படலாகாது. பலருக்கு வழங்கப்படவிருக்கும் பகுதிகளில் இவ்வினாக்களும் தவிர்க்கப்படவேண்டும். அங்கு வேண்டியதை உள்ளீடாக வெளிப்படையாகக் கொடுப்பதே முறை.

2024 நவம்பரில் வெளிவந்த ரெயில்ஸின் எட்டாம் பதிப்பு, புகுபதிகைக்குரிய நிரலைத் தானே ஆக்கித்தருகின்றது. அந்நிரல் புகுபதிகை இன்றியமையாதெனும் காவலை எல்லாக் கட்டுப்படுத்திகளுக்கும் பொதுவாக இடுகின்றது. காட்சியுடன் பகிர்வதோ 'புகுபதிகை செய்யப்பட்டுள்ளதா' என்னும் ஒரேயொரு வினாவையே. காவலை வாயிலில் வைத்து, வினாவை மாத்திரம் பகிரும் இவ்வமைப்பு, இருபதாண்டு அனுபவத்தின் திரட்சி எனலாம்.

ஒரு வரியில் எழுதப்படும் கட்டளைக்கு இத்துணை விளக்கம் தேவையா என வினவப்படலாம். இன்று மருத்துவப் பதிவுகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் உதவிக் கொடுப்பனவுகளும் இத்தகைய பக்கங்களின் ஊடாகவே மக்களைச் சென்றடைகின்றன. ஒருவருக்குரியது இன்னொருவருக்குத் தெரியவருவதும், ஒருவருக்குரிய உரிமை மறுக்கப்படுவதும், யாரோ ஒருவர் எங்கோ எழுதிய விதி இரண்டாகப் பிளந்துபோனமையின் விளைவாக இருத்தல் கூடும். அவ்விதி எங்கே வாழ்கின்றது, அதனை வினவும் உரிமை எவர்க்குண்டு, அதனை நிறைவேற்றும் கடமை எவரது என்பவற்றைத் தெளிவுபடுத்தியபின் எழுதப்படும் ஒரு வரி, அத்தெளிவின்றி எழுதப்படும் அதே வரியினின்றும் வேறானது.